நாற்பத்திரண்டாம் எண் கதவு

சான் எலோய் ஊரை அழித்தது பாலைவனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெடியுப்புக் கம்பெனியும் அழிக்கவில்லை. 1967-இல் கம்பெனி கடைசியாக ஒரு முறை சங்கு ஊதிவிட்டு மூட்டை கட்டியபோது ஊர் ஓர் ஆணி குறையாமல் நின்றது. தொழிலாளர் வீடுகள் பதினாறு வரிசை, கம்பெனிக் கடை, தியேட்டர், பள்ளிக்கூடம், சதுக்கத்தில் பாண்டு மேடை, எல்லாம் இருந்தன. மழை என்பதே இல்லாத இடம். மரம் மக்காது, தகரம் துருவேறாது, செத்த நாய்கூட நாறாமல் காய்ந்து கிடக்கும். விட்டிருந்தால் இருநூறு வருஷம் அப்படியே நின்றிருக்கும். அதை அழித்தவர்கள், சான் எலோய் என்றால் உயிர் என்று மார்தட்டிக்கொள்ளும் எங்கள் ஆட்கள்தான்.

எப்படி என்கிறீர்களா? ஒவ்வொரு நவம்பர் முதல் தேதியும், செத்தவர்களை நினைக்கிற நாளுக்கு, நாங்கள் குடியேறிய துறைமுக நகரமான அந்தோஃபகாஸ்தாவிலிருந்து நான்கு பஸ் நிறையப் போவோம். கல்லறைத் தோட்டத்தில் காகிதப்பூ மாலை சாத்துவோம். வெயில் தின்றுவிட்ட பெயர்களின் மேல் மறுபடி கறுப்புப் பெயின்ட் பூசுவோம். அப்புறம் மேடையில் பாண்டு, சதுக்கத்தில் ஆட்டம், ஆளுக்கு நான்கு எம்பனாடா என்கிற கறி அடைத்த பணியாரம், ஒயின், கண்ணீர். பஸ் கிளம்புகிற நேரத்தில் பார்த்தால் ஒவ்வொருவர் கக்கத்திலும் ஏதாவது ஒன்று இருக்கும். "சும்மா ஒரு ஞாபகத்துக்கு" என்பார்கள். ஒருவர் தாழ்ப்பாள், ஒருவர் ஜன்னல் சட்டம், ஒருவர் தெருப்பலகை. பள்ளிக்கூட மணியின் நாக்கை ஒருவர் எடுத்துப் போனார். மறு வருஷம் மணியை இன்னொருவர் எடுத்துப் போனார். இருவருக்கும் இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை. முப்பத்தாறு வருஷ ஞாபகத்துக்குப் பிறகு ஊரில் மிஞ்சியது சுவரும் காற்றும்தான்.

என் பெயர் எதெல்மிரா. மிரா என்று கூப்பிடுவார்கள். சான் எலோய் மக்கள் சங்கத்துக்குப் பதினோரு வருஷமாகச் செயலாளர். டைப் அடிக்கத் தெரியும் என்ற ஒரே குற்றத்துக்காக இந்தத் தண்டனை. இவர்களோடு மாரடித்தே என் நரையில் பாதி வந்தது.

என் வீட்டிலும் ஊர்ச் சொத்து உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. சான் எலோயை விட்டு வந்த அன்று அப்பா லாரியில் கட்டில் ஏற்றினார், அடுப்பு ஏற்றினார். அம்மா மட்டும் வாசலில் நின்றுகொண்டு நகரவில்லை. கதவைக் கழற்றினால்தான் வருவேன் என்றாள். கழற்றினார். அந்தோஃபகாஸ்தாவின் மேட்டுத் தெருவில் அப்பா கட்டிய வீடு அந்தக் கதவுக்காகக் கட்டிய வீடு. கதவு குட்டை. உயரமான விருந்தாளி யார் வந்தாலும் நிலையில் மண்டை இடிக்கும். திருட்டு பயத்தில் தெருவே இரும்புக் கதவுக்கு மாறியபோது நானும் ஒன்று வாங்கலாம் என்றேன். அம்மா அரை நாள் என்னோடு பேசவில்லை.

அந்தக் கதவில் 42 என்று எண் இருக்கும். கீழ்ப்பலகையில் ஒரு கையகலத்துக்குப் பள்ளம் இருக்கும். என் அண்ணன் நெஸ்தோர் உதைத்த பள்ளம். தினம் மத்தியானம் அம்மா அவனைக் கம்பெனிக் கடைக்கு ரொட்டி வாங்க அனுப்புவாள். இரண்டு கையிலும் ரொட்டியை அணைத்துக்கொண்டு வருகிற பையன் கதவை எப்படித் தட்டுவான்? இரும்பு முனை வைத்த பூட்ஸால் உதைப்பான். "கை இல்லையாடா உனக்கு?" என்று கத்திக்கொண்டே அம்மா போய்த் திறப்பாள். இது தினமும் நடந்தது. ஆறு வயதில் மூன்று நாள் காய்ச்சலில் அவன் போனான். அப்போது எனக்கு நான்கு. அவன் முகம் எனக்கு ஞாபகம் இல்லை, அந்தச் சத்தம் மட்டும் இருக்கிறது. அவனுடைய போட்டோ ஒன்றுகூட இல்லை. அம்மாவிடம் மிச்சம் இருந்தது அந்தப் பள்ளம்தான்.

இப்படி இருக்கும்போதுதான் 2003-இல் அந்தச் செய்தி வந்தது. ஊருக்குப் பின்னால் நிற்கும் கழிவு மேட்டில் இன்னும் அயோடின் இருக்கிறதாம். யாரோ ஒரு புதுக் கம்பெனிக்காரன் அனுமதி வாங்கிவிட்டான். அவனுடைய லாரிப் பாதை எங்கள் பதினாறு வரிசை வீடுகளின் நடுவே போகிறது. தடுக்க வேண்டுமென்றால் சான் எலோயைப் பாதுகாக்கப்பட்ட ஊராக அரசாங்கம் அறிவிக்க வேண்டும். நான் ஏழு மாதம் மனு எழுதினேன். கடைசியில் தலைநகரத்து அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அக்டோபரில் ஓர் அதிகாரி வருவார். பழைய பொருள்களோடு ஒரு வீடாவது முழுசாக இருந்தால் பரிந்துரை செய்வார். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இன்னொரு வரியும் இருந்தது. பட்டியலில் ஏறிய பொருள் எதுவும் அதன்பின் ஊரை விட்டு வெளியே போகக் கூடாது.

நான் இரண்டாம் பக்கத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு சங்கக் கூட்டத்துக்குப் போனேன்.

"எல்லாரும் அவங்கவங்க வீட்ல இருக்கறத எடுத்துட்டு வாங்க. எங்கிருந்து கழட்டினீங்களோ அங்கயே மாட்டுங்க" என்றேன்.

கூட்டத்தில் அறுபது பேர். திருடியதைத் திருப்பிக் கேட்டால் முகம் எப்படிப் போகும் என்று அன்றைக்குப் பார்த்தேன்.

"நான் ஒண்ணும் எடுக்கலையே" என்றார் மணியை எடுத்தவர்.

"நாக்கு இல்லாத மணி உனக்கெதுக்குய்யா, குடுத்துத் தொலையேன்" என்றார் நாக்கை எடுத்தவர்.

மரியாதைக்குத் 'தோன்' சேர்த்து எல்லாரும் கூப்பிடும் ஃப்ரொய்லான் எழுந்தார். சான் எலோய் தியேட்டரில் படம் ஓட்டியவர். இப்போது அந்தோஃபகாஸ்தாவில் பழைய மேஜை நாற்காலி பழுது பார்க்கிறார். கைவேலை தெரிந்த ஆள், வாய் அதைவிட நீளம். "ஏம்மா செயலாளர், தியேட்டர் நாற்காலில ஒண்ணு என்கிட்ட இருக்கு. முப்பது வருஷமா அதுல உக்காந்துதான் ரேடியோ கேக்கறேன். அதக் கொண்டுபோய்க் குடுத்துட்டு நான் தரையில உக்காரவா?"

"குடுக்க வேண்டாம், தோன் ஃப்ரொய்லான். ஒரே ஒரு நாள்தான். அந்த அதிகாரி பாத்துட்டுப் போகட்டும். அப்புறம் அவங்கவங்க பொருள அவங்கவங்க எடுத்துக்கிட்டு வந்துடலாம்."

சொன்னவள் நான்தான். யோசித்துத்தான் சொன்னேன். நல்லபடியாகக் கேட்டால் ஒரு திருகாணிகூட வராது என்று பதினோரு வருஷ அனுபவம் சொன்னது. ஊர் பிழைத்துவிட்டால் அப்புறம் திட்டிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். சங்கத்தையே ஏமாற்றினேன், சரி. ஆனால் வீட்டுக்குப் போய் அதையே அம்மாவிடமும் சொன்னேன் பாருங்கள், அதற்குத்தான் இன்றுவரை என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

அம்மா கேத்தலை அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"ஒரு நாள்தானே?"

"ஒரு நாள்தாம்மா."

"சாயங்காலமே திரும்பி வந்துடும்ல?"

"வந்துடும்."

"நீ சொல்றேன்னா சரி. வேற எவன் வந்து கேட்டிருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன்" என்று தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

அக்டோபர் பதினெட்டு, சனிக்கிழமை. விடிந்ததும் கிளம்பினோம். கதவு போன வாசலில் நான் கம்பளி ஒன்றை ஆணி அடித்துத் தொங்கவிட்டேன். பஸ் இரண்டு, லாரி ஐந்து. இத்தனை வருஷமாக ஒன்றுமே எடுக்காதவர்கள் ஐந்து லாரி நிறையப் பொருளோடு வந்தார்கள்.

சான் எலோயில் காலை முழுக்க சுத்தியல் சத்தம். ஊரைப் பார்த்து நானும் அழுதேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் பத்து மணிக்குள் எனக்குத் தலைவலி வந்துவிட்டது. தியேட்டரில் நூற்றிருபது நாற்காலிக்குத்தான் இடம். வந்து சேர்ந்தவை நூற்றைம்பத்திரண்டு. பள்ளிக்கூடத்துக்கு மூன்று மணி வந்தது, நாக்கு ஒன்றுதான். "பேக்கரி" என்ற பலகையை இரண்டு குடும்பம் கொண்டுவந்து இரண்டும் அசல் என்று சண்டை. என் வீட்டு நிலைக்கு எதிரே நின்று பார்த்தால் 42 என்று எண் போட்ட கதவு மூன்று சாத்தியிருந்தது. ஒன்று எங்களுடையது. மற்ற இரண்டும் யார் வீட்டுக் கதவோ.

"இது எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டேன்.

"நாற்பத்திரண்டும்மா. இந்த ஊர்தான்" என்றார் ஒருவர், கண்ணைப் பார்க்காமல்.

இந்தப் பாலைவனத்தில் வெடியுப்பு ஊர்கள் நூற்றுக்கு மேல் இருந்தன. ஒரே கம்பெனி, ஒரே அச்சு. எல்லா ஊரிலும் ஒரு நாற்பத்திரண்டு உண்டு, எல்லா ஊரிலும் தியேட்டர் உண்டு. எங்கள் ஆட்கள் அங்கே மட்டும் கையைக் கட்டிக்கொண்டா இருந்திருப்பார்கள்?

பதினொரு மணிக்கு அதிகாரி வந்தாள். இக்னாசியா என்று பெயர். முப்பது வயதிருக்கும், தொப்பி, கையில் சின்ன அளவுகோல், கழுத்தில் கேமரா. பள்ளிக்கூடப் பெண்ணைப் போல இருக்கிறாள், சமாளித்துவிடலாம் என்று ஃப்ரொய்லான் என் காதில் சொன்னார். அரைமணி நேரத்தில் அவர் வாய் மூடிவிட்டது. அவள் நாற்காலியைக் கவிழ்த்து அடியில் பார்த்தாள். திருகாணித் துளையை அளந்து, தரையில் இருக்கும் துளையோடு ஒப்பிட்டாள்.

"மிரா மேடம், இந்த நூத்தைம்பத்திரண்டுல இந்தத் தியேட்டரோடது எத்தனைன்னு தெரியுமா?"

"எத்தனை?"

"நாலு."

தரை பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. மேடைக் கம்பி வேறு ஊருடையது. பள்ளிக்கூட மணி மூன்றில் ஒன்று ஏதோ மீன்பிடிப் படகிலிருந்து வந்தது. அவள் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் மோசம். ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு "ம்" என்று சொல்லி நகர்ந்தாள். ஏழு மாத மனு என் கண்ணெதிரே ம், ம் என்று செத்துக்கொண்டிருந்தது.

அப்படியே வரிசை வீடுகளுக்கு வந்தாள். எங்கள் வீட்டு வாசலில் அம்மா முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். எங்கள் கதவை ஏற்கெனவே மாட்டியிருந்தார்கள். அடுப்பு எங்களுடையது, ஜன்னல் பக்கத்து வீட்டுக்காரர் மனசாட்சி உறுத்திப் போன வருஷமே எங்களிடம் திருப்பிக் கொடுத்தது, கூரைத் தகரம் எவர் கைக்கும் எட்டாததால் தப்பித்தது. இக்னாசியா குனிந்து கீலைப் பார்த்தாள். துளையை அளந்தாள். நிலையில் விரல் வைத்துத் தடவினாள். அப்புறம் கீழ்ப்பலகையைக் காட்டி, "இது என்னம்மா பள்ளம்?" என்று கேட்டாள்.

அம்மா சொன்னாள். ரொட்டி, பூட்ஸ், தினம் தினம் போட்ட சத்தம் எல்லாம் சொன்னாள். இக்னாசியா எழுதிக்கொண்டாள். எழுந்தபோது அவள் முகமே மாறியிருந்தது.

"மேடம், இந்த வீடு ஒண்ணு போதும். நெலை, கீல், கதவு எல்லாம் அந்தந்த எடத்துலயே இருக்கு. ஒரு துளைகூட மாறல. இன்னைக்கே பரிந்துரை எழுதிடறேன். லாரிப் பாதை இந்தப் பக்கம் வராது." அவள் கதவு திறந்திருந்தபடியே வீட்டைப் படம் எடுத்தாள். எடுத்துவிட்டு அம்மாவின் தோளைத் தொட்டு, "ரொம்ப நன்றிம்மா. இனிமே இந்தக் கதவு பட்டியல்ல ஏறிடுச்சு. இந்த ஊரோட சொத்து. யாரும் இங்கேருந்து நகத்த முடியாது" என்றாள். நல்ல சேதி சொல்கிற குரலில்தான் சொன்னாள், பாவம்.

அம்மா என்னைப் பார்த்தாள்.

நான் செருப்பைப் பார்த்தேன். அம்மா முக்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது.

மற்றவர்களுக்கும் சேதி பரவியது. பட்டியலில் ஏறினால் திரும்பாது என்று தெரிந்தால் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டுவார்கள் என்று நினைத்துச் சதுக்கத்துக்குப் போனேன். அங்கே ஒருவர் முகத்திலும் கவலை இல்லை. எம்பனாடா தின்றுகொண்டிருந்தார்கள்.

"உங்க நாற்காலி போச்சே, தோன் ஃப்ரொய்லான்" என்றேன்.

"போனா போகுது. அது பக்கத்து ஊர் தியேட்டரோடது."

"உங்களோடது?"

"வீட்ல பத்திரமா இருக்கு." வாயைத் துடைத்துக்கொண்டார். "நீ ஒரு நாள்னு சொன்னதும் எங்களுக்குத் தெரியாதாம்மா? அரசாங்கம் எடுத்தா குடுக்குமா? அதான் எல்லாரும் கெடைச்சதக் கொண்டாந்தோம். அசல யாராவது கொண்டாருவானா?"

"எங்கம்மா கொண்டாந்திருக்காங்க."

அவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"ஒத்திலியா அம்மாவா? அந்தக் கதவையா?" என்றார். "ஏம்மா, அவங்ககிட்டயுமா அதையே சொன்ன?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அறுபது பேர் என்னை நம்பாமல் பொய்யைக் கொண்டுவந்து குவித்திருக்கிறார்கள். நம்பியது ஒரே ஒரு ஆள். ஊரைக் காப்பாற்றியதும் அந்த ஒரே ஆள்தான். அவள்தான் இப்போது உள்ளே தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இவர்கள் மேல் கோபப்படக்கூட எனக்கு யோக்கியதை இல்லாமல் போனதுதான் பெரிய எரிச்சலாக இருந்தது. நல்லதற்குத்தானே சொன்னேன், ஒரு பழைய கதவுதானே, ஊரே பிழைத்ததே என்று எனக்குள் நானே வக்காலத்து வாங்கிக்கொண்டு நடந்தேன்.

நான்கு மணிக்குக் காற்று கிளம்பிவிட்டது. பஸ் ஆறு மணிக்கு. அம்மா காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. ஒரு கையில் தேநீர் பிளாஸ்கும் கம்பளியும், மறு கையில் மார்போடு அணைத்து நான்கு ரொட்டி. வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"அம்மா, தொற."

ரொட்டியை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டேன்.

"அம்மா, சாப்ட்டுட்டு என்னைத் திட்டு. பரவால்ல. தொற."

காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. கம்பளி நழுவியது. தட்டலாம் என்றால் கை இல்லை. இத்தனை நாள் எரிச்சலும் காலுக்கு இறங்கியது. ஓங்கி ஓர் உதை விட்டேன்.

"கை இல்லையாடா உனக்கு? தொறக்கறேன், உதைக்காத" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

எழுபத்தாறு வயதுக் குரல் இல்லை அது. அடுப்படியில் வேலையாக இருக்கிற சின்ன வயதுப் பெண்ணின் குரல். காற்று மட்டும் தகரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நான் கால் வைத்த இடத்தைக் குனிந்து பார்த்தேன். என் செருப்பு முனை அந்தப் பள்ளத்துக்குள்ளேயே இருந்தது.

தாழ்ப்பாள் திறந்தது. அம்மா என்னைப் பார்த்தாள், ரொட்டியைப் பார்த்தாள். என் மார்பிலிருந்து அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டாள்.

"ஆறிப் போச்சு" என்றாள்.

"நான் பொய் சொல்லிட்டேம்மா. அந்த லெட்டர்ல இருந்துச்சு. தெரிஞ்சேதான் சொன்னேன்."

"தெரியும். உன் முகத்துலயே எழுதியிருந்துச்சு, அன்னைக்கே." முக்காலியில் உட்கார்ந்தாள். "எனக்கு ஊரெல்லாம் வேணாம் மிரா. இந்த ஊர்ல எனக்கு என்ன இருந்துச்சு? தண்ணிக்கு வரிசை, ரொட்டிக்கு வரிசை, உங்கப்பனுக்கு இருமல். எல்லாரும் கண்ணத் தொடச்சுக்கறாங்களேன்னு நானும் தொடச்சுக்குவேன். எனக்கு அந்தக் கதவு மட்டும்தான். மத்தியானம் ஆனா தெருவுல எந்தப் பையன் பந்து விளையாடினாலும் ஒரு தடவை அது மேல படும். எனக்கு அது போதும்."

நான் கம்பளியை அவள் மேல் போர்த்திவிட்டு நேராக ஃப்ரொய்லானிடம் போனேன்.

"அந்த இன்னொரு நாப்பத்திரண்டு எங்க?"

"எது? ரெண்டு இருக்கே."

"எது நல்லா இருக்கோ அது. துளை பொருந்தணும், கீல் பொருந்தணும். கீழ ஒரு பள்ளம் வேணும், அவ எழுதி வெச்சிருக்கா. எவ்வளவு நேரம் ஆகும்?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பதினோரு வருஷமாக இவரைப் பலகை திருடாதீர்கள், ஆணி பிடுங்காதீர்கள் என்று எல்லார் முன்னாலும் நாற அடித்தவள் நான். ஒரு வார்த்தை குத்திக்காட்டியிருக்கலாம். காட்டவில்லை.

"முக்கால் மணி நேரம். அந்தப் பொண்ண அந்தாண்ட வெச்சுக்க" என்றார்.

இக்னாசியா தியேட்டரில் அசல் நாற்காலி நான்கையும் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தியேட்டர் வரலாறு சொல்ல ஆரம்பித்தேன். முதல் பேசும் படம் வந்த கதை, படம் நடுவில் அறுந்து ஃப்ரொய்லான் அடி வாங்கிய கதை, வேலை நிறுத்தத்தின்போது நாற்பது குடும்பம் இங்கே படுத்துத் தூங்கிய கதை. கதை தீர்ந்ததும் இட்டுக்கட்டினேன். தூரத்தில் எங்கள் வரிசையில் உளிச்சத்தம் கேட்டது. "என்ன சத்தம்?" என்றாள். "காத்துல தகரம் அடிக்குது" என்றேன். இவ்வளவு சரளமாகப் பொய் வரும் என்று எனக்கே தெரியாது.

ஆறு மணிக்கு வெளியே வந்தபோது 42-ஆம் வீட்டில் ஒரு கதவு இருந்தது. ஃப்ரொய்லான் லாரியின் முன்சீட்டில் அம்மா உட்கார்ந்திருந்தாள். பின்னால் தார்ப்பாய் மூடிக் கட்டியிருந்தது. இக்னாசியா விடைபெற வந்தாள். வீட்டைப் பார்த்தாள். லாரியைப் பார்த்தாள். தார்ப்பாயை ரொம்ப நேரம் பார்த்தாள் என்று எனக்குத் தோன்றியது.

"கயிறு லூசா இருக்கு. காத்து ஜாஸ்தி, இழுத்துக் கட்டிக்கோங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினாள்.

இப்படியாக, பதினோரு வருஷம் ஊர்ச் சொத்தைக் காத்த செயலாளர், அந்த ஊரில் மிச்சம் இருந்த ஒரே அசல் கதவைத் திருடிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். ராத்திரியே அதை மாட்டினோம். மறுநாள் ஃப்ரொய்லான் வந்து கீலுக்கு எண்ணெய் விட்டார். நிலையில் மண்டையை இடித்துக்கொண்டார்.

சான் எலோய் அறிவிக்கப்பட்டது. மறு வருஷம் நவம்பர் முதல் தேதி போனபோது நுழைவாயிலில் பலகை, காவலாள், சுற்றிக் காட்ட சீருடை போட்ட ஒரு பெண். திரும்பும்போது பையைச் சோதிப்பார்களாம் என்று எங்கள் ஆட்கள் பஸ்ஸிலேயே புலம்ப ஆரம்பித்துவிட்டார்கள். நான் அம்மாவிடம் மட்டும் வழி நெடுகப் படித்துப் படித்துச் சொன்னேன்.

"நாப்பத்திரண்டுகிட்ட வந்து வாயே தொறக்கக் கூடாது. புரியுதா? ஒரு வார்த்தை சொன்னாலும் ஃப்ரொய்லானும் நானும் உள்ள போயிடுவோம்."

"நான் எதுக்குடி பேசறேன்?" என்றாள்.

நெஸ்தோர் கல்லறையில் வெள்ளைக் காகிதப் பூ செய்து வைத்தோம். பெயருக்குப் பெயின்ட் பூசினேன். திரும்பி வரும்போது 42-ஆம் வீட்டு வாசலில் வெளியூர்க்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். சீருடைப் பெண் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கதவு முதல்லேருந்து இங்கயே இருக்கற அசல் கதவு. இங்க பாருங்க, இந்தப் பள்ளம். இந்த வீட்டுப் பையன் தினமும் ரொட்டி வாங்கிட்டு வந்து கால்ல உதைச்சது."

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் தொட்டுப் பார்த்தார். ஃப்ரொய்லான் உளியும் சுத்தியலும் வைத்து முக்கால் மணி நேரத்தில் செய்த பள்ளம், நன்றாகத்தான் இருந்தது. அவர் கூட்டத்தின் பின்னால் நின்று பெருமையாகத் தாடையைத் தடவிக்கொண்டார். நான் அம்மாவின் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். அவள் அசையவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"அம்மா" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் காதில் வாங்கவில்லை. சீருடைப் பெண்ணிடம், "இவ்வளவு ஒசரத்துல இல்ல கண்ணு" என்றாள். கைத்தடியை நீட்டி, பள்ளத்துக்கு ஒரு சாண் கீழே, கீறல்கூட இல்லாத பலகையைத் தொட்டுக் காட்டினாள். "இங்க. அவனுக்கு ஆறு வயசுதான்."